காசில்லாமலும் சமமாக மோதக்கூடிய ஷூட்டர் எது?

நண்பர்களுக்கு வணக்கம். அக்கா மகன் ஆடும் இலவச ஷூட்டர் (துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) ஒன்றில், காசு கொடுத்து வாங்கும் துப்பாக்கி ஸ்கின்னுக்கே (தோற்றத்தை மாற்றும் அலங்காரம்) தாக்கும் வலு கூடுகிறது. எதிரே நிற்பவன் திறமைசாலியா, பணக்காரனா என்றே புரியவில்லை!

2011இல் இலவசமான டீம் ஃபோர்ட்ரெஸ் 2 ஷூட்டரில் பெரும்பாலான மாற்று ஆயுதங்களுக்கு ஒரு பலம் இருந்தால் ஒரு பலவீனமும் உண்டு. வாலரன்ட் என்ற இன்னொரு ஷூட்டரில் ஸ்கின் வெறும் அலங்காரம்தான் (ஏஜெண்டுகள் எனும் பாத்திரங்களைத் திறக்கப் படும் பாடு தனிக்கதை). ஆனால் அக்கா மகனிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள ஆண்ட்ராய்டு போன்; அதில் ஓடும் விளையாட்டாக வேண்டும்.

ஆடி ஆடித் திறக்கும் ஆயுத மேம்பாடுகள் பரவாயில்லை; அவற்றையே காசுக்கு உடனே விற்பதுதான் உறுத்துகிறது. புதியவரும் முதல் நாளே சமமான ஆயுதத்தோடு இறங்கக்கூடிய விளையாட்டு எது? தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டங்களில் மட்டும் மேம்பாடுகளை முடக்கிவைத்தாலும் போதும். ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.