இரவு 9.40 பஸ்ஸை யாரிடம் கேட்பது? மெட்ரோ பணத்தில் கேட்கலாமா?

செக்கானூரணி பக்கத்துக்காரி:

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். என் ஊர் செக்கானூரணியிலிருந்து உள்ளே 6 கி.மீ. பெரியார் பஸ் நிலையத்திலிருந்து இரவு 9.40-க்கு எங்கள் ஊருக்கே ஒரு டவுன் பஸ் இருந்தது. ஊரிலேயே தங்கி விடிகாலை 5 மணிக்குத் திரும்பும். கொரோனா ஊரடங்கில் நின்றது, நின்றதுதான். பணிமனையில் கேட்டால் "ஆள் இல்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்போது செக்கானூரணி வரை டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து மூன்று பெண்கள் சேர்ந்து ஆட்டோ பிடிக்கிறோம். 120 ரூபாய், தலைக்கு 40. மாதம் 26 நாளுக்கு 1,040 ரூபாய். என் சம்பளம் 12,000. மூவரில் ஒருத்தி விடுப்பு எடுத்தால் மற்ற இருவருக்கும் அன்று 60. அவளுக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு முதலில் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடையில் எப்போதும் மெட்ரோ பேச்சு. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கி.மீ.க்கு 11,300 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீடு. கிலோமீட்டருக்கு 350 கோடி! நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கி.மீ.க்கு 600 கோடிக்கு மேல். இத்தனை கோடியில் எங்கள் ஊருக்கு ஒரு பஸ் தேறாதா? ஆகஸ்ட் 15 கிராம சபையில் "மெட்ரோ வேண்டாம், பஸ் கொடுங்கள்" என்று தீர்மானம் போடலாமா?

ஒத்தக்கடைவாசி:

அக்கா, தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். மாட்டுத்தாவணியிலும் கோரிப்பாளையத்திலும் தினமும் மாட்டிக்கொண்டு நிற்பவன் நான். 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்ற 2017 மெட்ரோ கொள்கையைக் காட்டி 2025 நவம்பரில் மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதுவும் 2011 கணக்கெடுப்பை வைத்து. எங்களுக்கே இன்னும் ஒரு தூண் எழும்பவில்லை.

இன்னொன்று. அந்த 11,300 கோடி எந்தப் பெட்டியிலும் பூட்டி வைத்திருக்கிற பணம் இல்லை. இத்தகைய திட்டங்களுக்குப் பெரும்பகுதி கடனாகத்தான் வரும். மெட்ரோ இல்லை என்றால் அந்தக் கடனும் இல்லை. நத்தம் மேம்பாலம் தேசிய நெடுஞ்சாலைப் பணம். உங்கள் பஸ்ஸுக்கு வேண்டியது டீசலும் ஓட்டுநர் சம்பளமும்; அது போக்குவரத்துக் கழகத்தின் அன்றாடச் செலவு. ஒன்றை நிறுத்தினால் மற்றதற்குப் பணம் போய்ச் சேராது.

உசிலம்பட்டி:

தம்பி சொல்வது சரி. ஆனால் பெரிய திட்டம் வந்துவிட்டால் மட்டும் போதுமா? போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிதி ஒதுக்கி, 2022-இல் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் அகல ரயில் வந்தது. பன்னிரண்டு ஆண்டு! ஓடத் தொடங்கியபோது பார்த்தால், காலையில் மதுரையிலிருந்து போடிக்குப் போகிறது, மாலையில் மதுரைக்குத் திரும்புகிறது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வேலைக்குப் போகிற எனக்கு நேர் எதிர்த்திசை. பாதை போட்டவர்களுக்கு, யார் எப்போது எங்கே போகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற நடத்துநர்:

தாயி, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பஸ்ஸில் கழகத்தின் அன்றைய பெயரான "பாண்டியன்" என்று எழுதியிருக்கும். 31 வருடம் பை மாட்டியவன் சொல்கிறேன், கேள்.

புது பஸ் என்று கேட்காதே. "இரவுத் தங்கல்" என்று கேள். நாங்கள் நைட் ஹால்ட் என்போம். ஆள் குறைந்தால் முதலில் வெட்டுவது இதைத்தான். கடைசி நடையில் செக்கானூரணி தாண்டினால் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள், வசூல் கேவலமாகத் தெரியும். டிக்கெட் விலை 2018 ஜனவரியில் ஏறியதோடு சரி, டீசல் அப்படியா நின்றது? அதனால் மேலாளர் கண்ணுக்கு அந்த 6 கி.மீ. நஷ்டம். ஆனால் ஒரு ஹால்ட் பஸ்ஸை வெட்டினால் விடிகாலை நடையும் சேர்ந்தே போகும். பூக்கூடை, பால், முதல் ஷிஃப்ட் ஆட்கள் எல்லாம் அதில்தான் ஏறுவார்கள். அந்த 5 மணி வசூலை யாரும் இரவு நடையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நீங்கள் சேர்த்துக் காட்டுங்கள். பதினைந்து நாள், இரவில் இத்தனை பேர், விடிகாலையில் இத்தனை பேர் என்று எழுதி வையுங்கள்.

அடுத்தது, படுக்க இடம். இதை எந்த மனுவிலும் எழுத மாட்டார்கள். பஸ்ஸுக்குள்ளேயே கொசுக்கடியில் படுத்து, கண்மாய்க்கரைக்கு ஒதுங்கிவிட்டு விடிகாலையில் வண்டி எடுத்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊர் நடைக்குப் போக எவனும் சம்மதிக்க மாட்டான். ஒரு அறை, ஒரு விசிறி, ஒரு கழிப்பறை ஊராட்சி தரும் என்று தீர்மானம் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு முதலில் கிளை மேலாளர், பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டம்.

பஸ் வந்தபின் கட்டணமில்லாச் சீட்டுதானே என்று வாங்காமல் உட்காராதீர்கள். அதுவும் எண்ணிக்கையில் ஏறும். அதை வைத்துத்தான் அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது.

செக்கானூரணி பக்கத்துக்காரி:

ஐயா, நன்றி. ஒத்தக்கடைத் தம்பி, மெட்ரோவைத் தீர்மானத்திலிருந்து எடுத்துவிட்டேன். கிலோமீட்டருக்கு 350 கோடி என்ற வயிற்றெரிச்சல் மட்டும் என்னிடமே இருக்கட்டும்.

நேற்றிலிருந்து எண்ணத் தொடங்கினோம். இரவு ஆட்டோவிலும் டூவீலரிலுமாக ஊருக்குள் வந்தவர்கள் 14. விடிகாலை எண்ணிக்கை என் மாமியாரிடம். பூக்காரர்களையும் சேர்த்து 23 என்கிறார். அவர் ஒருவரையே இரண்டு முறை எண்ணியிருப்பாரோ என்று சந்தேகம், அதனால் நாளை நானே போய் நிற்கப் போகிறேன்.

அறைக்குப் பழைய ரேஷன் கடைக் கட்டடம் சும்மா கிடக்கிறது. கழிப்பறையும் உண்டு, தண்ணீர்தான் இல்லை. சாவி யாரிடம் என்று ஊரில் நான்கு பேரைக் கேட்டேன். நான்கு பெயர் சொல்கிறார்கள்.