வெடிச் சத்தம் இல்லாத தலைத் தீபாவளி

நான் காரைக்குடியில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் தீபாவளியன்று விடியற்காலை நாலு மணிக்கே வெடிச் சத்தம் தூக்கத்தைக் கலைத்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் தலைத் தீபாவளிக்கு மாமனார் ஊரான கொள்ளுக்குடிப்பட்டிக்கு ஒரு பை நிறையச் சரவெடி வாங்கிப் போனேன். பையைப் பார்த்ததும் மச்சினன் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. நம்ம ஊர்ல வெடி போடுறதில்ல. கண்மாய்ல பறவை இறங்கியிருக்கு."

மனைவி முன்பே சொல்லியிருக்கலாம். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதால், சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலில் நின்றால், கண்மாய்ப் பக்கமிருந்து கலகலவென்று சத்தம். கருவேல மரங்களில் அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா என்று கிளைக்குக் கிளை பறவை. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். வெடி போடாத ஊர் என்பதற்காகத் தீபாவளிக்கு வனத்துறையிலிருந்து இனிப்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம் என்பார் மாமா. மழை பொய்த்த வருடம் பறவை வராது. அந்த வருடம் ஊரே முகம் வாடிக் கிடக்கும்.

பொங்கலுக்கு மறுபடி போனேன். கரையில் மனைவியின் அப்பத்தா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு நத்தைகுத்தி நாரையைக் காட்டினார். அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அந்த இடுக்கில் நத்தையை வைத்து நொறுக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது சேற்றுக்குள் அலகை நுழைத்துத் துழாவியது, தலையை இரண்டு முறை அசைத்தது, சதையை மட்டும் உருவி விழுங்கியது. அது போன பிறகு இறங்கி எடுத்துப் பார்த்தேன். நத்தை ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"குஞ்சைப் பாருங்க, அதுக்கு வாய் நல்லா மூடியிருக்கும். வளர வளரத்தான் இடுக்கு விழும்" என்றார் அப்பத்தா. கூட்டில் மூன்று குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அவர் சொன்னது போலவே அலகில் இடைவெளியே இல்லை. இருட்டும்வரை நாங்கள் இருவரும் அங்கேதான் இருந்தோம்.