ஒரே பெயர், ரெண்டு பேர்: பட்டியலை எப்படிப் பிரிப்பது?

வணக்கம் நண்பர்களே. வீட்டிலுள்ள புத்தகங்களுக்கும் படங்களுக்கும் எக்செலில் பட்டியல் போட்டு வருகிறேன். பெயர்வாரியாக அடுக்கியதும் கூத்து ஆரம்பித்தது. ஸ்டீவ் மெக்குயின் என்ற பெயரில் 1968-இல் வந்த 'புல்லிட்'டும் 2013-இல் வந்த '12 இயர்ஸ் எ ஸ்லேவ்'வும் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னவர் 1980-லேயே காலமான நடிகர், பின்னவர் இயக்குநர். எலிசபெத் டெய்லர் இன்னும் மோசம். நடிகை ஒருவர், நாவலாசிரியர் ஒருவர். நாவலை நடிகையின் சுயசரிதை என்று நினைத்து எடுத்துப் போய்விட்டான் என் தம்பி!

இப்போதைக்குப் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டைப் போடுகிறேன்: நாவலாசிரியருக்கு 1912, நடிகைக்கு 1932. ஆனால் எல்லோருக்கும் ஆண்டு கிடைப்பதில்லையே. நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், அப்போது என்ன செய்வீர்கள்? தொழிலைப் போட்டால் போதுமா? சரி, ஒருவரே எழுதவும் இயக்கவும் செய்தால்?