நிரலிலிருந்து மின்னஞ்சல்: 25ஆம் போர்ட்டில் இணைப்பு கிடைக்கவில்லை

கேள்வி:
தோவாளைப் பூச்சந்தையின் அன்றாட விலைப்பட்டியலை வியாபாரிகளுக்கு அதிகாலையில் அனுப்புவதற்காகப் பைத்தானில் ஒரு நிரல் எழுதியுள்ளேன். அஞ்சல் சர்வரோடு இணைவதற்கான வாயில் எண்ணாக 25ஆம் போர்ட்டைக் கொடுத்தால், நாகர்கோவிலில் உள்ள எங்கள் வீட்டு இணைப்பில் நெடுநேரம் காத்திருந்து, ‘நேரம் கடந்துவிட்டது’ என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1:
25 என்பது சர்வர்கள் தமக்குள் அஞ்சலைக் கைமாற்றிக்கொள்ளும் போர்ட். எரிதங்களை (வேண்டாத ஸ்பேம் அஞ்சல்களை) தடுப்பதற்காக இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் வீட்டு இணைப்புகளில் அதை அடைத்து வைத்திருப்பதால், பிழை உங்கள் நிரலில் இருக்க வாய்ப்புக் குறைவு. 587ஐக் கொடுத்து, லாகின் செய்வதற்கு முன்பே, இணைப்பைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையை அழையுங்கள். இந்த வரிசை முக்கியம். மாறினால் கடவுச்சொல் மறையாக்கமின்றிப் போய்விடக்கூடும்.

மறுமொழி 2:
தக்கலையில் என் கடைக்கு 465ஐப் பயன்படுத்துகிறேன். அதில் தொடக்கத்திலிருந்தே இணைப்பு மறையாக்கப்படுவதால், அதற்கெனப் பைத்தானில் உள்ள எஸ்எம்டிபி_எஸ்எஸ்எல் என்ற வகுப்பை அழைக்க வேண்டும்; நான் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஒரு நாள் முழுவதும் தவித்தேன்.

கேள்வி கேட்டவர்:
587இல் உடனே இணைந்தது; பிச்சிப்பூ விலையுடன் முதல் மடல் போய்ச் சேர்ந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.