அப்பாவின் ஒமேகா: திருத்துவதா, புதிது வாங்குவதா?

போன வருசம் ஆடி அமாவாசையன்று யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் கேணியில் இறங்கினேன். கையில் அவருடைய பழைய ஒமேகா சீமாஸ்டர். பின்மூடியில் கடற்குதிரை பொறித்து 'வோட்டர்புறூவ்' என்று எழுதியிருக்கும், அதை நம்பிக் கழற்றாமல் முங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மெல்லிய நீராவிப் புகார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த நாள் காலை நின்றுவிட்டது.

இந்த மணிக்கூடு அப்பா கப்பலில் வேலை செய்த காலத்தில் சிங்கப்பூரில் வாங்கியது, எழுபதுகளின் தொடக்கம். தொண்ணூறுகளில் அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்த பொருள்களில் ஒன்று என்பது எங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் இருந்த பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்ற பிறகும் கை அசைவில் ஓடுகிற இது மட்டும் நிற்கவில்லை, அயலில் இருந்தவர்கள் எங்கள் வீட்டில் வந்து நேரம் கேட்டுப் போவார்கள். 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரிக்கு நடந்தபோதும் அப்பாவின் கையில் இருந்தது இதுதான். 1996 மே மாதம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில் மீண்டும் அரை மணித்தியாலம் இழுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்களே, மூன்று தடவையும் அப்பா இதன் முள்ளைத் திருப்பினார். மூன்றாவது தடவை பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு விசயத்தைச் சொன்னதும் அவர் சொன்னது: "விடு தம்பி, பழசைப் போட்டுக் கிண்டாதை, நான் புதுசொண்டு வாங்கித் தாறன்." அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் இன்றைக்குப் புது சீமாஸ்டர் ஒன்று இலங்கைக் காசில் பதினைந்து இலட்சத்துக்குக் குறையாது. அவ்வளவு காசை அவருடைய தலையில் வைக்கவும் மனம் வரவில்லை, இதை அலுமாரிக்குள் செத்துப்போக விடவும் மனம் வரவில்லை.

முதலில் செய்த பிழையைச் சொல்லவேண்டும். பதற்றத்தில் கிட்ட இருந்த ஒரு கடைக்குக் கொண்டு ஓடினேன். மூடியைத் திறந்து, மேசை விளக்கின் சூட்டில் காய வைத்து, ஊசி முனையால் இரண்டு மூன்று இடத்தில் எண்ணெய் தொட்டு, 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு தந்துவிட்டார்கள். ஒன்பது நாள் ஓடியது. இப்படி ஓடவைப்பது நிற்க விடுவதைவிட மோசம் என்று அப்போது எனக்குத் தெரியாது. உள்ளே ஈரம் புகுந்த இடத்தில் துரு தொடங்கிவிட்டால் அந்தத் தூள் பழைய எண்ணெயோடு சேர்ந்து பசையாகும், அதற்கு மேல் புது எண்ணெய் விட்டு ஓட்டினால் அச்சுகள் தேயும். உள்ளே தண்ணீர் புகுந்தால் ஓட்டிப் பார்க்கவே கூடாது, அன்றைக்கோ மறுநாளோ முழுக்கக் கழற்றக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் வேலைக்கு ஆகாது, கண்ணாடியில் தெரியும் புகார் மறையும், அவ்வளவுதான்.

பிறகு கொழும்பில் ஒரு பெரிய கடைக்கு மச்சான் மூலம் கொடுத்தனுப்பினேன். ஒரு இலட்சத்து எண்பதாயிரம் என்றார்கள். காசைவிட என்னை நிறுத்தியது அந்தத் தாளில் இருந்த வேறு இரண்டு வரிதான்: டயலும் முள்ளும் மாற்றப்படும், உடல் மெருகேற்றப்படும். அந்த டயல் வெள்ளியாக இருந்து இப்போது ஓரத்தில் தேங்காய்ப்பால் நிறத்துக்கு வந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அப்பா பார்த்த முகம் போய்விடும். எனக்கு அது ஒரு காரணம். பழைய மணிக்கூடு வாங்கி விற்பவர்களைக் கேட்டாலும் டயல் மாற்றினால் மதிப்பு இறங்கும் என்றுதான் சொல்வார்கள். திருப்பி எடுத்துவிட்டேன்.

கடைசியில் யாழ்ப்பாணத்திலேயே கஸ்தூரியார் வீதிப் பக்கம், ஒரு நகைக்கடைப் படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி வைத்துக்கொண்டு இருக்கும் வயதான ஒருவரிடம் போனேன். கையில் வாங்கியதும் அவர் விலை சொல்லவில்லை. காதில் வைத்து மெதுவாக ஆட்டினார்.

"தம்பி, இதைக் கடைசியா எப்ப கழட்டிக் கழுவினது?"

"தெரியாது ஐயா."

"அப்ப திறந்து பாக்காமல் நான் ஒண்டும் சொல்ல ஏலாது. நீங்களும் ஒண்டும் யோசிக்காதேங்கோ."

எனக்கு முன்னாலேயே திறந்தார். லென்ஸை என் கண்ணிலும் வைத்துக் காட்டினார். உள்ளே செம்பு நிறத்தில் பாலங்கள் (பற்சக்கரங்களைத் தாங்கும் தகடுகள்), அதில் 565 என்று பொறித்த இயந்திர எண், அச்சுகள் சுழலும் சின்னக் கற்கள் 24. கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் ரோட்டரின் அச்சுத் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்ததில் மூடியின் உள்பக்கம் பிறை வடிவில் உராய்ந்த கீறல் இருந்தது. அவர் ஆட்டிக் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். சாவிக் குமிழைத் தாங்கும் தண்டில் பழுப்புத் துரு, அதை ஒட்டிய சின்ன நெம்பிலும் கொஞ்சம். இரு பக்கமும் ஆடி நேரத்தை அளக்கும் பலன்ஸ் வீல், அதை ஆட்டும் மெல்லிய மயிர்ச் சுருள், பற்சக்கரங்கள் எல்லாம் சுத்தம். மூடிக்குள் தண்ணீர் தடுக்க இருந்த வாஷரைக் குறட்டால் தொட்டார், காய்ந்த வெல்லம் மாதிரி உடைந்து விழுந்தது. தண்ணீர் வந்த வழி அதுவும் சாவிப் பக்கமும்தான். 'வோட்டர்புறூவ்' என்ற சொல் வாஷர் புதிதாக இருக்கும் வரைக்கும்தான். பழைய மணிக்கூட்டில் அந்த எழுத்தை நம்பித் தண்ணீரில் இறங்கக்கூடாது.

அந்த அரை மணித்தியாலத்தில்தான் எனக்கு முடிவு தெளிந்தது. அதுவரைக்கும் திருத்தக் கூலியையும் புது விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. எனக்கு நல்ல காலம், 565 ஒமேகா ஏராளமாகச் செய்த இயந்திரம், அதன் குடும்பத்தில் 552, 562 போன்றவற்றோடு பல பாகங்கள் பொருந்தும், இன்றைக்கும் கிடைக்கும். மயிர்ச் சுருளில் துரு ஏறியிருந்தாலோ, பாகமே கிடைக்காத அரிய இயந்திரமாக இருந்தாலோ நானும் அண்ணாவின் பேச்சைக் கேட்டிருப்பேன்.

ஐயா எழுதித் தந்த சாமான்: மெயின் ஸ்பிரிங், ரோட்டர் அச்சு, சாவித் தண்டு, நெம்பு, வாஷர்கள், பிளாஸ்ரிக் கண்ணாடி. கண்ணாடியின் நடுவில் ஒமேகாவின் குறி ஊசி முனை அளவில் இருக்கும், சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், அது இருக்கிறதா பார்த்து வாங்கச் சொல்லுங்கோ என்றார். அண்ணா அங்கே தேடி எடுத்து, நல்லூர்த் தேருக்கு வந்த உறவுக்காரர் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டார். கொடியேற்றம் அமாவாசை முடிந்து ஆறாம் நாள் பக்கம், தேர் இருபத்துநான்காம் திருவிழா, அதனால் ஒரு மாதத்துக்குள்ளேயே எல்லாம் வந்து சேர்ந்தது. கூலி 32,000. சாமானையும் சேர்த்தால் அறுபதாயிரத்தைத் தாண்டியது. முழுக்கக் கழற்றிக் கழுவி, ஒவ்வொரு இடத்துக்கும் உரிய எண்ணெய் விட்டு (வேகமாகச் சுழலும் அச்சுக்கு ஒன்று, மெதுவாகச் சுற்றுவதற்குத் தடிப்பானது வேறு), எட்டு நாள் தன் மேசையில் வைத்துப் பார்த்துத்தான் தந்தார். நேரம் அளக்கும் சின்னக் கருவியில் வைத்துக் காட்டினார். முன்பு பலன்ஸ் வீல் 190 பாகைக்கு மேல் ஆடவில்லை, இப்போது 280. முழுச் சாவி கொடுத்த நிலையில் 270 முதல் 300 வரை வந்தால் நல்ல சுகம். நாளைக்கு ஆறு செக்கன் முந்துகிறது, அதைத் தொட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். டயலையும் உடலையும் அவர் தொடவில்லை.

மற்றவர்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன், எல்லாருக்கும் என் முடிவு சரிவராது. கூட்டாளி ஒருவனின் சுவிஸ் மணிக்கூடு பற்றரியில் ஓடுவது, பற்றரி கசிந்து உள்ளே பச்சை பிடித்துவிட்டது. அவனுக்கு அதே ஐயா சொன்னது, கழுவ வேண்டாம், முழு இயந்திரத்தையும் எடுத்துவிட்டுப் புது இயந்திரம் போடலாம் என்று. 14,000க்கு முடிந்தது, அதில் ஒரு நட்டமும் இல்லை. சின்ன மாமாவின் லண்டன் றோலெக்ஸ் வேறு கதை. சேர்விஸ் செய்யக் கொடுத்த இடத்தில் கேட்காமலே மெருகு போட்டுத் தந்தார்கள், பட்டி கோக்கும் கொம்புகளின் கூர்மை போய்ச் சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டுவிட்டது. மெருகு என்றால் உலோகத்தைச் சுரண்டி எடுப்பது, போனது திரும்ப வராது. ஆகவே எங்கே கொடுத்தாலும் 'மெருகு வேண்டாம், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தாருங்கோ' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை வருசத்துக்கு ஒரு தடவை சேர்விஸ் செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஒமேகா ஐந்து முதல் எட்டு வருசம் என்கிறது, றோலெக்ஸ் பத்து வருசம் அளவில் என்கிறது. எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் வாஷரை இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொன்னார் ஐயா, அது சின்னச் செலவுதான். தினசரி வேலைக்கு இப்போது ஒரு சீக்கோ கட்டுகிறேன். ஒமேகா ஞாயிற்றுக்கிழமையும் கோயில் திருவிழாவும்.

இந்த வருச அமாவாசைக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் கீரிமலைக்குப் போனேன். படியில் நின்று கழற்றி மகளின் கையில் கொடுத்தேன். நான் முங்கி எழும்பிப் பார்க்கும்போது அவள் அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு இருந்தாள்.