329பிடி வாங்க மவுண்டன் கன்னைக் கொடுக்கலாமா?

கெனாய்க்காரன்:
அலாஸ்காவில் கெனாய் ஆற்றுக்கு சால்மன் பிடிக்கப் போகும்போது கரடிக்குப் பயந்து இடுப்பில் ரிவால்வர் வைத்திருப்பேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629 மவுண்டன் கன், .44 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடுவது. இப்போது அதே நிறுவனத்தின், அதே தோட்டாவைச் சுடும் எடை குறைந்த ரிவால்வரான 329பிடி பழையது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு அதை எடுக்கலாமா?

எஃகுப்பிரியன்:
கொடுக்காதீர்கள் நண்பரே. மவுண்டன் கன் 1989-இல் வந்தது. முனைக்குப் போகப்போக மெலியும் அந்தக் குழலுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. சாவி போட்டுப் பூட்டும் துளை இல்லாத பழைய உருப்படி என்றால் விற்றபின் வருத்தப்படுவீர்கள். சுடும்போது 329 கையில் உதைக்கிற உதையில், முழு வீரியத் தோட்டா ஆறு சுட்டாலே உள்ளங்கை கன்றிவிடும். வலிக்குப் பயந்து பழகாமல் விட்ட துப்பாக்கி கரடி முன்னால் எதற்கு?

மலைநடையான்:
கனக்கிறதென்று கூடாரத்தில் விட்டுவந்த துப்பாக்கி மட்டும் எதற்கு? மவுண்டன் கன் ஒரு கிலோவுக்கு மேல். 329 சுமார் 700 கிராம்தான். ஸ்காண்டியம் கலந்த அலுமினிய ஃபிரேம் (உடற்சட்டம்), தோட்டா அறைகள் உள்ள சுழலும் சிலிண்டர் டைட்டானியம். நாளெல்லாம் தண்ணீரில் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். உதைக்கு, அதே நிறுவனத்தின் 500 மாடலின் ரப்பர் கைப்பிடியை மாட்டுங்கள். அது பின்பக்க உலோகத்தையும் மூடிவிடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எஃகுப்பிரியன்:
கைவலியை விடுங்கள். அந்த உதையில், சுடாத தோட்டாக்களின் குண்டு, அதைப் பிடித்திருக்கும் உலோகக் கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்துவரும். சிலிண்டர் முகப்பைத் தாண்டினால் சிலிண்டர் சுற்றாது, அவ்வளவுதான். எடை குறையக் குறைய இந்தத் தொல்லை கூடும்.

மலைநடையான்:
உண்மைதான், மறுக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு வகைத் தோட்டாவையும் சோதிக்கச் சொல்கிறேன்: ஒன்றை அளந்து கடைசி அறையில் போடுங்கள், மற்ற ஐந்தையும் சுடுங்கள், அதைத் திரும்ப எடுத்துக் காலிப்பரில் அளங்கள். நீண்டிருந்தால் அந்த வகை வேண்டாம்.

வாங்கப் போகும்போது காந்தம் கொண்டுபோங்கள். ஃபிரேமிலும் சிலிண்டரிலும் ஒட்டக்கூடாது. சிலிண்டரைத் திறந்தால், அதைத் தாங்கும் கை ஃபிரேமில் பொருந்தும் இடத்தில் மாடல் எண் இருக்கும். குழலின் பின்முனைக்கு நேர்மேலே, ஃபிரேமின் உட்பக்கம் ஒரு மெல்லிய எஃகுத் தகடு தெரியும். வெடிவாயு அலுமினியத்தை அரிக்காமல் காப்பது அதுதான். அது இல்லையென்றால் விலையே பேசாதீர்கள்.

எஃகுப்பிரியன்:
சிலிண்டர் முகப்பையும் பாருங்கள். கரியைப் போக்க யாராவது உரசித் தேய்த்திருந்தால் மேற்பூச்சு போயிருக்கும். அப்புறம் டைட்டானியம் அரிபடத் தொடங்கிவிடும்.

கெனாய்க்காரன்:
போய்ப் பார்த்தேன். காந்தம் ஒட்டவில்லை, எண் சரி, தகடும் இருக்கிறது. ஆனால் சிலிண்டர் முகப்பில் இரண்டு அறைகளைச் சுற்றிப் பளபளவென்று தேய்த்த வட்டம். நகத்தால் தடவினால் குழி தட்டுப்படுகிறது. வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல 329 கிடைத்தால் வாங்குவேன், மவுண்டன் கன்னைக் கொடுக்காமல்.