ஃபர்ம்வேர் ஏறுகிறது, ஆனால் போர்டு பூட் ஆகவில்லை. ரிப்போவில் இருக்கும் பின் (.bin) கோப்புகளை என்ன செய்வது?

வெள்ளவத்தையிலிருந்து கேள்வி:

வணக்கம். களனி ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சர் ஒன்றுக்கு நாங்கள் சிலர் திறமூல ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எழுதிப் பராமரிக்கிறோம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய ஈஎஸ்பி32-சி3 என்ற சிறு கட்டுப்பாட்டுச் சிப் உள்ள போர்டுகள்தான். கொம்பைல் செய்யத் தெரியாதவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால், போர்டில் ஏற்றத் தயாரான பின் (.bin) கோப்பையும், பெரிய கோப்புகளைத் தனியே சேமிக்கும் கிட் எல்எஃப்எஸ் வழியாக, கிட்ஹப் ரிப்போவிலேயே (நிரல் களஞ்சியம்) வைத்திருக்கிறோம்.

என் கணினியில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஸிப்பாக இறக்கிய மாணவர்களுக்கு மட்டும் போர்டு பூட் ஆவதில்லை. போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் மொனிட்டரில் "இன்வலிட் ஹெடர்" என்று 73726576 எனும் எண்ணோடு வந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் இவற்றைப் பொருத்த வேண்டும். போர்டுகள் பழுதா?

தெஹிவளையிலிருந்து பதில்:

போர்டு நல்ல போர்டுதான் தம்பி. அந்த எண்ணைப் பின்னிருந்து இரண்டிரண்டாகப் படியுங்கள்: 76, 65, 72, 73. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் (பதினாறடிமான எண்களாக) இவை "வெர்ஷன்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள். உண்மையான கோப்புக்குப் பதிலாக ரிப்போவில் இருக்கும் எல்எஃப்எஸ் பொயின்டர் கோப்பு அந்தச் சொல்லோடுதான் தொடங்கும். கிட்ஹப் தரும் ஸிப்பில், அமைப்பை நீங்களாக மாற்றாவிட்டால், உண்மையான பைனரி இருக்காது, பொயின்டர் மட்டுமே இருக்கும். மாணவர்கள் ஏற்றியது அந்தச் சின்ன உரைக்கோப்பை. அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், 130 பைட் அளவில் இருக்கும்.

இப்போதைக்கு, கிட் எல்எஃப்எஸ்ஸை நிறுவி, ரிப்போவைக் குளோன் செய்து (முழுப் பிரதி எடுத்து), "கிட் எல்எஃப்எஸ் புல்" கொடுத்தால் போதும். ஆனால் நிரந்தர வழி அதுவல்ல. பின் கோப்பை ரிப்போவை விட்டு வெளியே எடுத்து ரிலீஸ் பக்கத்தில் இணையுங்கள். அங்கே ஒரு கோப்பு 2 ஜிபிக்குக் கீழே இருந்தால் சரி. மொபைல் டேட்டாவில் இறக்குகிறவருக்கு வேண்டிய ஒரு கோப்பு மட்டும் போகும்.

வத்தளையிலிருந்து பதில்:

அண்ணா சொன்னது சரி. நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: எந்த மூலத்திலிருந்து வந்தது என்று தெரியாத பைனரியை வெளியிடவே வேண்டாம். வெள்ள எச்சரிக்கைக்குப் பயன்படும் கருவியில் ஓடுவது எது என்பதை யாரும் சரிபார்க்க முடிய வேண்டும். ஒரு பதிப்புக்கு டேக் (பெயர்க்குறி) போட்டதும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கிச் சேவையே பில்ட் செய்யட்டும், ஒருவருடைய லேப்டொப்பிலிருந்து ஏற்ற வேண்டாம். டூல்செயின் (கொம்பைல் செய்யும் கருவிகள்) பதிப்பைப் பூட்டி வையுங்கள். கொமிட் ஹாஷை (நிரலின் அந்த நிலையைக் குறிக்கும் அடையாள எண்) ஃபர்ம்வேருக்குள்ளேயே பதித்து, பூட் ஆகும்போது சீரியலில் காட்டச் செய்யுங்கள். கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க, பக்கத்திலேயே ஷா256 கோப்பும் இருக்கட்டும்.

பெரிய திட்டங்களும் இப்படித்தான் பிரித்து வைக்கின்றன. லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் மூலநிரல் மரத்துக்குள் வைத்திருந்த ஃபர்ம்வேர் கோப்புறையை 2017இல், 4.14 பதிப்பில் நீக்கியது. அவை லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தனி ரிப்போவில் இருக்கின்றன. எது எங்கிருந்து வந்தது, என்ன உரிமம் என்று அங்கே ஒரு கோப்பே சொல்லும். சிறு கருவிகளுக்கான ஸெஃபிர் இயங்குதளத்தில் பைனரி ரிப்போவில் கிடையாது. முகவரி, ஷா256, உரிமம் ஆகியவை மட்டும் எழுதப்பட்டிருக்கும், தேவைப்படுபவர் இறக்கிக்கொள்வார்.

வெள்ளவத்தை:

நன்றி அண்ணா, நன்றி தோழர். அளவு பார்த்தோம், பொயின்டர்தான். ரிலீஸிலிருந்து இறக்கிய கோப்பில் எல்லா போர்டும் பூட் ஆகிவிட்டன. எல்எஃப்எஸ்ஸுக்கு முன் நேரடியாகக் கொமிட் செய்த பழைய பின் கோப்புகள் ஹிஸ்டரியில் இருக்கின்றன. ஹிஸ்டரியை மாற்றி எழுதும் ஃபில்டர்-ரிப்போ ஓட்டி அழிக்கலாமா?

தெஹிவளை:

ஓட்டினால் அந்த இடத்திலிருந்து எல்லா கொமிட் ஹாஷும் மாறும். ஃபோர்க் (தனிப் பிரதி) வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் மறுபடி குளோன் செய்ய வேண்டும், போர்டுகளில் பதித்த ஹாஷும் பொருந்தாது. ரிப்போ சில நூறு எம்பிக்குள் என்றால் விட்டுவிடுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு கடைசிக் கொமிட்டை மட்டும் எடுக்கும்படி ஆழம் 1 வைத்துக் குளோன் செய்யும் கட்டளையை ரீட்மீயில் எழுதி வைத்தால் போதும்.